போர்க்காலக் கடிதங்களில் சீனிக்கு ஏன் இத்தனை இடம்?

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் சாதாரணக் குடும்பத்தவர்கள் எழுதிய கடிதங்கள் சிலவற்றை வாசித்தேன். அடுத்த தெருவில் குண்டு விழுந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டு, சீனியும் வெண்ணெயும் போதாததைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தணிக்கைக்குப் பயந்தா, மனம் மரத்துப்போயா?
– வாசகி, கல்லடி

பதில்: தணிக்கையும் ஒரு காரணந்தான். கடல் கடந்து சென்ற கடிதங்களை அதிகாரிகள் பிரித்துப் படித்து, உறையின் ஓரத்தில் அச்சிட்ட சீட்டொன்றை ஒட்டி மூடி அனுப்பினார்கள். குண்டு எங்கே விழுந்தது என்பது எதிரிக்கு உதவும் செய்தியாகிவிடலாம். ஆனால், பெரும்பாலும் பிரிக்கப்படாமலே போய்ச் சேர்ந்த உள்நாட்டுக் கடிதங்களிலும் சமையலறைச் சங்கதிகளே நிறைந்திருப்பதால், அச்சத்தை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது. 1940 செப்டெம்பர் 7 முதல் இரண்டு மாதங்களாக லண்டனில் அநேகமாக ஒவ்வோர் இரவும் குண்டு விழுந்தது. இரவு தோறும் நடப்பதைப் புதினமாக எழுத முடியுமா? அரசாங்கம் ஆளுக்கு இவ்வளவென்று அளந்து கொடுத்த பங்கீட்டில் வாரத்துக்கு ஓர் ஆளுக்குக் கிடைத்த இரண்டு அவுன்ஸ் தேயிலையை, அதாவது 57 கிராம் அளவை, ஏழு நாளைக்கு எப்படி ஓட்டுவது என்பது அப்படியல்ல. கடிதம் எழுதிய பெண்ணால் குண்டைத் தடுக்க முடியாது, ஆனால் தேயிலையை அளந்து போட முடிந்தது, தன் கைக்கு எட்டியதையே அவள் எழுதினாள். வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டி, வளைந்த தகரத்தை நிறுத்தி, மேலே மண் போட்டு அமைத்த பதுங்குகுழியின் முதுகிலேயே அவர்கள் காய்கறியும் பயிரிட்டார்கள்.

இதை மனம் மரத்துப்போனதாக என்னால் கொள்ள முடியவில்லை. 1990இல் என் சின்னம்மா அகதி முகாமிலிருந்து எழுதிய கடிதமொன்று என்னிடம் இருக்கிறது. அப்பியாசக் கொப்பியில் கிழித்த ஒற்றை, இரண்டு பக்கமும் இடைவெளியின்றி நிறைந்திருக்கிறது. “நேற்றும் ஷெல் விழுந்தது, நாங்கள் சுகம்” என்பதோடு அந்தச் செய்தி முடிகிறது. மீதியெல்லாம் வீட்டில் விட்டு வந்த கறுத்தப் பெட்டைக்கோழியைப் பற்றியது: பதினொரு முட்டையில் அடைகிடந்தது, யாராவது தண்ணீர் வைத்தார்களா என்று மூன்று முறை கேட்டிருக்கிறாள். அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்பதை அந்த மூன்று கேள்விகளிலிருந்துதான் நான் அறிந்துகொண்டேன்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய கடிதங்கள் உள்ளன. பலவற்றில் திகதி இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், திருக்கோவில்

பதில்: மேலே சொன்ன சில்லறைச் சங்கதிகளே இதற்கும் உதவும். இங்கிலாந்தில் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றியிறைச்சி, வெண்ணெய், சீனி ஆகியவற்றுக்குப் பங்கீடு வந்தது 1940 ஜனவரி 8இல். உடுதுணிக்கு 1941 ஜூனில். பாணுக்கோ போர் முடிந்த பிறகு, 1946 ஜூலையில்தான் வந்தது. ஆகவே, பாண் பங்கீட்டைக் குறைகூறும் திகதியற்ற கடிதம் போர்க்காலத்தது அன்று. உங்கள் கடிதங்களில் அரிசிக் கூப்பனையோ, 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பை அடித்த சூறாவளியில் கூரை பறந்ததையோ தேடிப் பாருங்கள். கண்டுபிடித்த திகதியைக் கடிதத்தில் எழுதாமல் தனித்தாளில் பென்சிலால் குறித்து உடன் வையுங்கள். கிழிசலுக்குப் பிசின் நாடா ஒட்டவோ, பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடாக்கி மூடவோ வேண்டாம். பின்னர் பிரித்தெடுக்க முடியாது. கடிதத்தில் பெயரின்றி “அவர்” என்று மட்டும் வருகிறவர் யார் என்பதை, தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, இந்த வாரமே கேட்டுக் குறித்துவிடுங்கள்.