உழவுச் சொற்களில் குறுக்கெழுத்து: எந்த எழுத்து எங்கே நிற்கும்?

கேள்வி: மொரீஷியஸ் ரோஸ் ஹில்லில் ஒரு மாலை வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பொங்கலுக்காகப் பயிர், உழவுச் சொற்களை வைத்துக் குறுக்கெழுத்து போட நினைத்தேன். இணையத்தில் கிடைத்த கருவி ‘கரும்பு’க்கு ஏழு கட்டம் கேட்கிறது. கையால் போட்டாலோ நாலு சொல்லுக்கு மேல் கோக்க முடியவில்லை. பிள்ளைகளுக்குப் பத்து வயது. வீட்டில் கிரியோல்தான் பேசுகிறார்கள். எங்கே தவறுகிறேன்?

பதில்: முதலில் அந்த ஏழு கட்டம். கணினி ‘ரு’வை ரகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டாக வைத்திருக்கும். ‘ம்’ என்பது மகரமும் புள்ளியும். ‘பு’வும் அப்படியே. அதனால்தான் 7, எக்செல்லில் எண்ணினாலும் அதே 7 வரும். தமிழ்க் குறுக்கெழுத்தில் உயிரோ மெய்யோ உயிர்மெய்யோ, ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். க-ரு-ம்-பு, நாலு. அந்தக் கருவியை விட்டுவிடுங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் போதும்.

கோக்க முடியாததற்குக் காரணம் உங்கள் சொல்வளம் இல்லை. தமிழில் எல்லா எழுத்தும் சொல்லின் எல்லா இடத்திலும் வராது. உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டுமே வரும். ஓசையை நீட்ட நடுவிலோ கடைசியிலோ உயிரெழுத்தைச் சேர்த்து எழுதும் அளபெடையை இங்கே கணக்கில் எடுக்க வேண்டாம். ஆகவே உழவு, உரம், எரு, எள், ஏர், அறுவடை போன்றவற்றின் முதற்கட்டத்தில் இன்னொரு சொல் சந்திக்க வேண்டுமானால், அதுவும் அதே உயிரில் தொடங்கியாக வேண்டும். மெய் இதற்கு நேர்மாறு. எந்தச் சொல்லும் மெய்யில் தொடங்காது. அதிலும் க், ச், ட், த், ப், ற் சொல்லின் கடைசியிலும் வராது. ‘கலப்பை’யின் ப் வழியாக ஒரு சொல் போக வேண்டுமானால் ‘வரப்பு’ மாதிரி நடுவில் ப் உள்ள சொல்தான் வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தக் கட்டத்தை வேறு சொல் வெட்டாமல் விட்டுவிடுங்கள், குற்றமில்லை. ம், ர், ல், ய் நான்கும்தான் நமக்குக் கீல். களம், உரம்; கதிர், ஏர், போர்; நெல், வயல்; நொய். இப்படிக் கடைசியில் வந்து முடியும் சொற்கள் ஏராளம்.

செய்து பார்ப்போம். ஆறுக்கு ஆறு கட்டம் போடுங்கள். மூன்றாம் வரிசையில் இரண்டாம் கட்டத்திலிருந்து ‘கரும்பு’. அதன் க-விலிருந்து கீழே ‘கதிர்’. பு-விலிருந்து கீழே ‘புன்செய்’. ம்-மில் வந்து முடியும்படி, முதல் வரிசையிலிருந்து கீழே ‘உரம்’. அந்த உ-விலிருந்தே வலப்பக்கம் ‘உழவு’. கதிரின் ர்-இல் முடியும்படி ஐந்தாம் வரிசையில் ‘ஏர்’. புன்செய்யின் செ-வில் தொடங்கி ‘செடி’. ஏழு சொல், 15 எழுத்து. மீதி 21 கட்டத்தையும் கறுப்பாக்குங்கள்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ரு-வில் முடியும் சொல் ‘எரு’ கையருகே இருக்கிறதே என்று அதையும் மேலே போடத் தோன்றும். போட்டால் எ-வும் உரத்தின் ர-வும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ‘எர’ என்று பொருளில்லாத சொல் ஒன்று உண்டாகிவிடும். ஒவ்வொரு சொல்லையும் எழுதிய பிறகு சுற்றியுள்ள நாலு பக்கமும் பாருங்கள்.

சொல் தேர்வில் என் எண்ணம் இது: நெற்சொற்களைக் குறையுங்கள். நாற்றங்காலையும் பதரையும் உங்கள் பிள்ளைகள் கண்ணால் கண்டிருக்க வாய்ப்பு குறைவு. கரும்பு அப்படியில்லை. பொங்கல் சமயத்தில் வெட்டு முடிந்து கட்டைகள் தழைத்திருக்கும்; பஸ் ஜன்னலிலேயே தெரியும். அதற்குப் பெயர் மறுதாம்பு (5 எழுத்து). நடுவதற்கு நறுக்கிய துண்டு கரணை (3), தண்டில் உள்ள முடிச்சு கணு (2), இலை தோகை (2), சாறு போனபின் மிஞ்சுவது சக்கை (3). சக்கைக்கு “சாறு பிழிந்தபின் மிஞ்சும், இந்தத் தீவில் இதை எரித்து மின்சாரமும் எடுக்கிறார்கள்” என்று குறிப்பு கொடுங்கள்.

கிரியோலையே குறிப்பாக்குவது இன்னும் நல்லது. கொத்தோமிலி, பிரேட் முரும், காரிபுலே மூன்றும் நம் கொத்தமல்லி (6), முருங்கை (4), கறிவேப்பிலை (6) போய்ச் சேர்ந்த வடிவங்கள். “பாட்டி காரிபுலே என்பாள், தமிழில்?” என்று கேட்டால் பிள்ளை தன் வீட்டுச் சொல்லிலிருந்தே விடையைப் பிடித்துவிடும்.

இருபொருள் சொற்களுக்குக் குறிப்பு எழுதுவது தனி இன்பம். “முகத்தில் இருந்தால் அழகு, வயலில் இருந்தால் பிடுங்கு” என்றால் களை. “பகைவர் நடத்துவது, வைக்கோலில் எழுவது” என்றால் போர். வார இதழ்களில் வரும் ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ வகைகள் இந்த வயதுக்கு வேண்டாம். எழுத்தைத் திருப்பி எழுதுவதில் எழுத்துக்கூட்டல் போய்விடும்.

எழுத்துக்கூட்டலில் கவனம் வேண்டிய இடங்கள்: களை, கலை, கழை மூன்றும் இரண்டு கட்டமே, மூன்றுக்கும் பொருள் உண்டு. ஆகவே ளை நிற்கும் கட்டத்தை வேறொரு தெரிந்த சொல் வெட்ட வேண்டும்; வெட்டினால்தான் பிள்ளை தன் பிழையைத் தானே காணும். பயறும் பயிரும் வேறு. புன்செய் 4, புஞ்சை 3 என்பதால் எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கும். அரிவாள், அருவாள் இரண்டும் 4. அங்கே எண்ணிக்கை உதவாது. இரண்டாம் கட்டத்தில் ரி வரும் வேறு சொல்லைக் குறுக்கே போடுங்கள்; ‘அரிசி’ பொருந்தும்.