பியர் வினாடி வினா: திருமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மே மாதம் பிறந்தால் திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலா சீசன் களைகட்டிவிடும். இரவில் கடற்கரைப் பார்களில் வினாடி வினா நடக்கும்போது பியர் பற்றி ஒரு சுற்று வைப்பதுண்டு. அதற்குத் தயாராகிற சிலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஆண்டை மட்டும் உருப்போட்டால் அவசரத்தில் மறந்துவிடும், காரணம் தெரிந்தால் மறக்காது. அதனால் முடிந்த இடத்தில் காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

திருமலைக்கும் பியருக்கும் தொடர்புள்ள கேள்வி ஏதாவது உண்டா? வெளிநாட்டு அணிகளை மடக்க வேண்டும். (ஓர்ஸ் ஹில்)

இரண்டு இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது இது: 1808-இல் வீட்டில் பியர் வடித்த எந்த நாவலாசிரியையின் தம்பி திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்? விடை ஜேன் ஒஸ்டின். அவருடைய கடைசித் தம்பி சார்ல்ஸ் ஒஸ்டின் பிரித்தானியக் கடற்படையில் றியர் அட்மிரலாக இருந்தவர். 1852-இல் பர்மாப் போரின்போது ஐராவதி ஆற்றில், கப்பலிலேயே நோயால் இறந்தார். உடலை இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். ஜேன் 1808 டிசம்பரில் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில், பெரிய பீப்பாயை வைத்துக்கொண்டு மறுபடி ஸ்ப்ரூஸ் பியர் வடிப்பதாகச் சொல்கிறார். ஸ்ப்ரூஸ் என்பது ஊசியிலை மரம். அதன் கொழுந்தைப் போட்டு வடிக்கும் பியர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயைத் தடுக்கும் என்று அந்தக் காலத்து மாலுமிகள் நம்பினார்கள். இதை எங்கள் ஊர் அணி தவறவிடவே கூடாது.

இரண்டாவது, மிதக்கும் பியர் ஆலை. 1944 நவம்பரில் பிரித்தானியப் பசுபிக் கடற்படை உருவானது திருகோணமலையில்தான். அவ்வளவு தொலைவில் இருக்கும் மாலுமிகளுக்குப் பியர் அனுப்புவது பெரும்பாடு. அதனால் மெனஸ்தியஸ் என்ற கப்பலுக்குள்ளேயே ஒரு ஆலையைக் கட்டினார்கள். கடல்நீரைக் காய்ச்சி வடித்து உப்பு நீக்கி, மோல்ட் எனப்படும் முளைத்த தானியத்தின் சாறும், கசப்புக்காகப் போடும் ஹொப்ஸ் என்ற கொடிப்பூவும் சேர்த்துப் பியர் தயாரித்தார்கள். அது வேலைக்கு வந்தபோது போர் முடிந்திருந்தது. கப்பல் போனது கிழக்கே பசுபிக் பக்கம். திருமலைக்குத் தொடர்பு அந்தக் கடற்படையோடுதான், இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உலகின் மிகப் பழைய பியர் செய்முறை எது? தமிழர்களுக்கு அப்படி ஏதும் உண்டா? (உவர்மலை)

வினாத்தாளில் எதிர்பார்க்கும் விடை நின்காசி. இன்றைய ஈராக் பகுதியில் வாழ்ந்த பழைய சுமேரியர்களின் பியர்த் தெய்வம் இவள். கிறிஸ்துவுக்கு முன் 1800 அளவில் களிமண் பலகையில் எழுதப்பட்ட அவளுடைய துதிப்பாடலில், தானியத்தை முளைக்க வைப்பது முதல் வடிப்பது வரை வேலை வரிசையாக வருகிறது. அதனால்தான் அதைச் செய்முறை என்றும் சொல்கிறார்கள்.

நம்மிடமும் உண்டு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படையில் வீட்டில் வடித்த தோப்பிக் கள் வருகிறது. இன்னோர் இடத்தில் செய்முறையே இருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். முளை எதற்கு? தானியத்தில் இருப்பது மாச்சத்து, அதை ஈஸ்ட் என்ற, புளிக்க வைக்கும் நுண்ணுயிர் அப்படியே தின்னாது. முளைக்கும்போது உண்டாகும் நொதிகள் மாச்சத்தைச் சர்க்கரையாக உடைத்த பிறகுதான் புளிக்கும். இதுதான் பியரின் அடிப்படை. பனங்கள்ளில் இந்த வேலை இல்லை, பாளையிலிருந்து இறங்கும்போதே அது சர்க்கரைச் சாறு. ஆகவே நம் தவறணைக் கள் பியர் ஆகாது. சங்கப் பாடலில் வரும் அரிசிக் கள்ளைத் தாராளமாகப் பியர் குடும்பத்தில் சேர்க்கலாம்.

பியரில் மீன் இருக்கிறதாமே? நான் சைவம். (சாம்பல்தீவு)

எல்லாப் பியரிலும் இல்லை. கலங்கலைத் தெளிய வைக்க, மீனின் காற்றுப்பையை உலர்த்திச் செய்த ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சில ஆலைகள், முக்கியமாகப் பிரித்தானியாவில், பயன்படுத்தும். அதில் இருக்கும் கொலாஜன் ஈஸ்ட் துகள்களை இழுத்துக்கொண்டு அடியில் படியும். அடியில் தங்கிவிடுவதால் கோப்பைக்குள் பெரும்பாலும் வராது. ஆனாலும் சைவம் கடைப்பிடிப்பவர் விசாரித்துக் குடிப்பதுதான் சரி. அயர்லாந்தின் கின்னஸ் பியர் நிறுவனம் இதைக் கைவிடப்போவதாக 2015-இல் அறிவித்தது. அந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கின்னஸ் பற்றி மட்டும் எத்தனை கேள்வி வரும்? (அலஸ்தோட்டம்)

நிறைய வரும், ஏனென்றால் கதைகள் அவ்வளவு இருக்கின்றன. 1759-இல் ஆர்தர் கின்னஸ் டப்ளினில் ஆலை நிலத்தை 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார், ஆண்டுக்கு 45 பவுண். பிறகு நிலத்தையே நிறுவனம் வாங்கிவிட்டது.

கின்னஸ் சாதனைப் புத்தகம் பிறந்தது ஒரு வாக்குவாதத்தில். 1951-இல் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சேர் ஹியூ பீவர் அயர்லாந்தின் வெக்ஸ்போர்ட்டில் வேட்டைக்குப் போனார். பொன்னிற உப்புக்கொத்தி குறி தப்பிப் பறந்துவிட்டது. ஐரோப்பாவில் வேட்டையாடப்படும் பறவைகளில் மிக வேகமானது எது என்று பேச்சு எழுந்தது, எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. மதுக்கடைகளில் இப்படி வரும் சச்சரவுகளைத் தீர்க்க ஒரு புத்தகம் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1955-இல் முதல் பதிப்பு வந்தது. அந்தப் பறவையின் நெருங்கிய இனம் ஒன்று குளிர்காலத்தில் நம் களப்புக் கரைகளுக்கும் வரும், பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதைவிடப் பெரியதாகத் தெரிவது வில்லியம் கொசெட்டின் கதை. கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த இவருக்கு, குறைந்த மாதிரிகளை வைத்து வாற்கோதுமை போன்ற மூலப்பொருள்களின் தரத்தைக் கணிக்க வேண்டியிருந்தது. அதற்காகக் கண்டுபிடித்ததுதான் டி-சோதனை என்ற புள்ளிவிபர முறை. ஆலையின் இரகசியம் வெளியே போகக் கூடாது என்பதால், சொந்தப் பெயரில் வெளியிட அனுமதி கிடைக்கவில்லை. 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். புள்ளிவிபரவியல் படிக்கும் பிள்ளைகள் இன்றும் ‘ஸ்டூடன்ட் டி-சோதனை’ என்றுதான் படிக்கிறார்கள்.

லயன் ஸ்டவுட்டைப் புகழ்ந்த மைக்கல் ஜாக்சன் யார்? (நிலாவெளி)

பாடகர் அல்ல! இவர் ஆங்கிலேயர், பியர் பற்றி எழுதியே உலகப் புகழ் பெற்றவர், 2007-இல் மறைந்தார். நம் நாட்டு லயன் ஸ்டவுட் என்ற கருநிறப் பியரை உலகம் கவனித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஆலையின் வேர் நுவரெலியாவில். பிறகு பியகமவுக்கு இடம் மாறியது.

வெயிலில் வைத்த பியர் நாறுவது சூட்டினாலா? (உப்புவெளி)

வெளிச்சத்தினால். ஹொப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டு உடைந்து ஒரு கந்தகச் சேர்மமாக மாறுகிறது. ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு பீச்சும் நாற்றத்துக்கு நெருங்கிய உறவு அது. பழுப்புப் போத்தல் இந்த ஒளியைப் பெரும்பாலும் தடுக்கும், பச்சைப் போத்தல் அவ்வளவாகத் தடுக்காது. கடற்கரை மேசையில் பச்சைப் போத்தலைத் திறந்த வெயிலில் விட வேண்டாம்.

1516-ஆம் ஆண்டுச் சட்டத்தில் என்ன விசேஷம்? (திருகோணமலை நகர்)

ஜெர்மனியின் பவேரியாவில் பியருக்குத் தண்ணீர், வாற்கோதுமை, ஹொப்ஸ் மட்டுமே போடலாம் என்ற சட்டம். ஈஸ்ட் அதில் இல்லை, அப்போது அதன் வேலை யாருக்கும் புரிந்திருக்கவில்லை. கேள்வி பெரும்பாலும் அங்கேதான் வரும்.

கடவுள் நம்மை நேசிப்பதற்குப் பியரே சாட்சி என்று பெஞ்சமின் பிராங்க்ளின் சொன்னாரா? (மூதூர்)

இல்லை. அவர் 1779-இல் ஒரு கடிதத்தில் அப்படி எழுதியது வைனைப் பற்றி. டீ-சட்டையில் அச்சடித்திருக்கிறது என்பதற்காக விடைத்தாளில் எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள்.

எங்கள் அணியில் மூன்று பெண்கள். இலங்கையில் பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று சட்டம் உண்டா? (உப்புவெளி)

1979-இல் அப்படி விதி வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்கினார், சில நாட்களிலேயே ஜனாதிபதி அந்த நீக்கத்தை இரத்துச் செய்யச் சொன்னார். இது நியாயமற்ற விதி என்பது என் உறுதியான கருத்து. ஆனால் வினாடி வினாவில் கலந்துகொள்ள எவருக்கும் தடை இல்லை, எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டும் வெல்லலாம். அப்புறம், போயா எனப்படும் பௌர்ணமி நாளில் நாடு முழுவதும் மது விற்பனை கிடையாது. சுற்றுலாப் பயணிகள் தடுமாறும் கேள்வி அது, உங்கள் அணிக்குச் சுலபமான புள்ளி.