பட்டா இல்லாதவருக்கும் மறுவாழ்வுத் தொகை உண்டா?

கேள்வி: இரண்டு ஏக்கர் நஞ்சையை வாய்மொழிக் குத்தகைக்கு உழுதுவருகிறோம். அதைத் தொழிற்பூங்காவுக்கு எடுக்கப் போகிறார்களாம். பட்டா நிலக்காரர் பெயரில் இருக்கிறது. எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: நிலத்தின் விலை பெரும்பாலும் பட்டாதாரருக்குத்தான். ஆனால் 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி குத்தகைதாரர், வாரதாரர், விவசாயக் கூலிகள் எல்லோருமே 'பாதிக்கப்பட்ட குடும்பம்'. எடுப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அங்கே பாடுபட்டிருக்க வேண்டும், அதுவே முக்கியப் பிழைப்பாகவும் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தொழிலுக்கு நிலம் எடுக்க 1997-ஆம் ஆண்டுச் சட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன 2013 மத்தியச் சட்டத்தில், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு என்னென்ன கிடைக்கும் என்று சொல்லும் மறுவாழ்வு அட்டவணை இதற்கும் பொருந்தும். எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்படும் என்று முன்கூட்டியே பார்க்கும் சமூகத் தாக்க ஆய்வு மட்டும் கிடையாது. பட்டாவில் பெயர் இல்லாதவர்கள் விடுபட்டுப் போவது இதனால்தான். கணக்கெடுக்க ஆள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அடங்கலில் (ஊரின் பயிர்க் கணக்கில்) சாகுபடியாளர் என்று யார் பெயர் இருக்கிறது என்பதை முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். உங்கள் பெயரில் நெல் போட்ட கொள்முதல் ரசீது, பயிர்க் காப்பீட்டு ரசீது, கூட்டுறவுக் கடன் அட்டை எது இருந்தாலும் மூன்று வருஷத்துக்கும் திரட்டுங்கள். நகல்களோடு நில எடுப்புத் தனி வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைப் பதிவு செய்திருந்தால் பாதிக் கவலை இல்லை. வாய்மொழிக் குத்தகையில் அது அபூர்வம்.

கேள்வி: மறுவாழ்வுக்கு மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமாம்: வேலை, ஒரே தடவையில் 5 லட்சம், அல்லது 20 வருஷத்துக்கு மாதம் 2,000 ரூபாய். எதைக் கேட்பது?

பதில்: வேலை என்றால் நிரந்தரமா, ஒப்பந்தமா, வயது வரம்பு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். சட்டம் சொல்வது, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் வீட்டில் ஒருவருக்காவது வேலை. நடவுக்கும் களைக்கும் போன மற்றவர்களின் கூலி அதில் ஈடாகாது. மாதம் 2,000 என்பது 20 வருஷத்துக்கு 4.80 லட்சம்தான்; ஆனால் விலைவாசிக் குறியீட்டோடு அது ஏற வேண்டும். கடன் நெருக்கும் வீட்டில் 5 லட்சம் தங்காது, அங்கே மாதப் பணமே மேல்.

எதை எடுத்தாலும் வைக்கோலை மறக்காதீர்கள். கறவை மாடு நாளுக்கு 5, 6 கிலோ தின்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 2 டன். இதுவரை வயலில் கிடைத்ததை இனி காசு கொடுத்து வாங்க வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கும் சேர்ந்து போனால் பால் வருமானம் தீவனத்துக்கே போய்விடும். கடைசி அறுவடை வைக்கோலை விற்காமல் போர் போட்டு வையுங்கள்.