முறையே என்றால் ரெஸ்பெக்டிவ்லி

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் விளாத்திகுளம் பக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. வந்து இரண்டு மாதம் ஆகிறது. வகுப்பில் நடத்துவது எதுவும் புரியவில்லை. பள்ளியில் கணக்கில் நான்தான் முதல் மார்க். இங்கே கல்லூரிக்குள் வைக்கும் முதல் இன்டர்னல் பரீட்சையில் 50க்கு 11. "செவன் பாயின்ட் ஃபைவ்ல வந்தவங்க" என்று பின் பெஞ்சில் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறாள். ராத்திரி போன் செய்யும்போதெல்லாம் நன்றாகப் படிக்கிறேன் என்றுதான் சொல்கிறேன். இதை விட்டுவிட்டு அடுத்த வருடம் கோவில்பட்டியில் பி.எஸ்சி. கணிதம் சேரலாமா என்று யோசிக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

என் மகளைவிட நீ ஒரு வயதுதான் பெரியவள். ஆனாலும் அக்கா என்றே இருக்கட்டும், எனக்கு வயது குறைகிறதே.

1993இல் நான் பொறியியல் சேர்ந்தபோது என் கதையும் ஏறக்குறைய இதுதான். முதல் கணக்குப் பரீட்சையில் ஒரு தேற்றத்தைப் போட்டு, 'ஸ்டேட் அண்ட் ப்ரூவ்' என்று கேட்டிருந்தார்கள். ஸ்டேட் என்றால் எனக்கு மாநிலம்தான் தெரியும். தமிழ்நாட்டுக்கும் இந்தத் தேற்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, நிரூபணத்தை மட்டும் எழுதிவிட்டு வந்தேன். தேற்றத்தைக் கூறு என்பதற்கான மார்க் போயிற்று. பள்ளியில் 'கூறி நிறுவுக' என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்!

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. என்னைத் தடுத்தவை பெரிய கலைச்சொற்கள் இல்லை. மேட்ரிக்ஸ் என்றால் அணி, டிடர்மினன்ட் என்றால் அணிக்கோவை. அவை ஒரு வாரத்தில் பழகிவிடும், ஏனென்றால் ஆசிரியர் அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். யாரும் விளக்காமல் கடந்து போகும் சில்லறைச் சொற்கள்தான் காலை வாரிவிடும். 'லெட்' என்று வாக்கியம் தொடங்கினால் அது நம் புத்தகத்தில் வாக்கியத்தின் கடைசியில் வரும் 'என்க'. 'ஹென்ஸ்' என்றால் எனவே. 'ரெஸ்பெக்டிவ்லி' என்றால் முறையே. 'வித் ரெஸ்பெக்ட் டு எக்ஸ்' என்றால் எக்ஸைப் பொறுத்து. மரியாதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'ஆர்பிட்ரரி' என்றால் ஏதேனும் ஒரு. இவை எல்லாமே உனக்குத் தெரிந்த சொற்கள். வேறு உடுப்பில் வந்து நிற்கின்றன, அவ்வளவுதான்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வகுப்பில் காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். ராத்திரி அகராதி. பொங்கல் லீவுக்குள் அறுபது எழுபது சொற்கள் சேர்ந்தன. அதற்குப் பிறகு நோட்டில் எழுதப் புதிதாக அதிகம் எதுவும் வரவில்லை. கணக்கு பேசும் ஆங்கிலம் அவ்வளவு சின்னது. கேன்டீனில் பேசும் ஆங்கிலம் வேறு, அது எனக்கு வர மூன்று வருடம் ஆயிற்று. அதைப் பற்றி இப்போது கவலைப்படாதே.

அந்த 11 மார்க் பேப்பரைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா? அதை எடுத்துக்கொண்டு கணக்கு ஆசிரியரின் அறைக்குப் போ. புரியவில்லை என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று மட்டும் கேள். தமிழில் கேள். சிலர் முகம் சுளிப்பார்கள், சரி, அடுத்தவரிடம் போகலாம். விடுதி அறையில் ஆங்கில வழியில் படித்த பெண் யாராவது இருந்தால் அவளையும் பிடித்துக்கொள். முதல் செமஸ்டரில் 'தமிழர் மரபு' என்று ஒரு பாடம் இருந்தால் அவள் உன்னிடம் வருவாள். கணக்குத் தீர்ந்தது.

ஒதுக்கீடு பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. மருத்துவத்தில் 2020இலும் பொறியியலில் 2021இலும் அது வந்தது. அதற்குள்ளும் மார்க் உண்டு, தரவரிசை உண்டு, கவுன்சலிங் உண்டு. உன் பள்ளியில் உன் கூடப் படித்த எல்லோருக்குமா கிடைத்தது? பின் பெஞ்சுக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்காதே. அவர்களுக்கும் முதல் இன்டர்னலில் என்ன மார்க் என்று ஒருநாள் விசாரித்துப் பார், சிரிப்பு வரலாம்.

பி.எஸ்சி. கணிதம் மட்டமான படிப்பு இல்லை. அதன் மேல் உண்மையான ஆசை இருந்தால் போ, நானே வாழ்த்துவேன். ஆனால் 11 மார்க்குக்குப் பயந்து போகாதே. ஆங்கில வழியில் இடம் கிடைத்தால் அங்கேயும் 'ஹென்ஸ்' உட்கார்ந்திருக்கும். செமஸ்டர் ரிசல்ட் வரட்டும். ஏதாவது பாடத்தில் தேறாமல் அரியர் விழுந்தால் திரும்ப எழுதலாம். நான் இரண்டு வைத்திருந்தேன். ஒன்று கணக்கு, இன்னொன்றைச் சொல்ல மாட்டேன். எழுபத்தைந்து சதவீத வருகைப்பதிவை மட்டும் விட்டுவிடாதே. அது போனால் பரீட்சை எழுதவே விடமாட்டார்கள்.

அம்மாவிடம் சொல்வதா? நான் சொல்லவில்லை. என் அம்மாவுக்கு வருடக் கடைசியில் தெரிந்தபோது மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை நாளும் போனில் சிரித்தது பொய்யா என்று மட்டும் கேட்டாள். எனக்கு இன்றுவரை பதில் இல்லை.

அப்புறம், தீபாவளிக்கு ஊருக்குப் போனால் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் தொகுதியை எடுத்து வா. அணிகளைப் பற்றிய முதல் பாடத்தைத் திறந்து வைத்துக்கொள். அணித்தரம், கிராமரின் விதி, காஸ் நீக்கல் முறை எல்லாம் அதில் இருக்கின்றன. கல்லூரியின் முதல் அலகில் உனக்குப் புதிதாக இருப்பவற்றில் முக்கியமானவை ஐகன் மதிப்பும் கேலி-ஹாமில்டன் தேற்றமும். புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாய் என்றால் திருப்பிக் கேட்காதே. பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழ் வழிப் புத்தகத்தையும் ஆங்கில வழிப் புத்தகத்தையும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. எங்கள் காலத்தில் அந்த வசதி இல்லை.