பல்கலைக்கழகப் பணியிடத்தில் தொற்றுநோய்த் தடுப்பு: கேள்வி பதில்

பணியிட நல மருத்துவராகப் பல்கலைக்கழகப் பணியாளர்களைப் பார்த்து வருகிறேன். அலுவலகப் பணியாளர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், பராமரிப்புப் பிரிவினர் எனப் பலரும் அனுப்பிய கேள்விகளில் ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கி இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தனிப்பட்ட நோய்க்கு உங்கள் மருத்துவரை நேரில் பாருங்கள்.

கேள்வி (துறை அலுவலகக் கண்காணிப்பாளர்): குளிரூட்டப்பட்ட ஒரே அறையில் ஒன்பது பேர் அமர்ந்திருக்கிறோம். ஒருவருக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் இரண்டே வாரத்தில் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. மேசை, தொலைபேசி, கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் தினமும் கிருமிநாசினியால் துடைக்கிறோம். வேறென்ன செய்யலாம்?

பதில்: துடைப்பதை நிறுத்தச் சொல்லமாட்டேன், ஆனால் உங்கள் உழைப்பு பெரும்பாலும் தவறான இடத்தில் செலவாகிறது. இன்ஃபுளுயன்சா, கோவிட் போன்றவை முதன்மையாக மூச்சுக்காற்றின் வழியாகவே பரவுகின்றன. பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் நுண்துகள்கள் மூடிய அறையின் காற்றில் நெடுநேரம் மிதக்கும். சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்து, திரும்ப விடுகிறது. அதாவது ஒருவர் விட்ட மூச்சை ஒன்பது பேருக்கும் பகிர்ந்தளிக்கிறது.

கரியமில வாயுவை அளக்கும் கைக்கருவி ஒன்றை வாங்கி, எல்லோரும் இருக்கும்போது அறை நடுவில் இரண்டு மணி நேரம் வையுங்கள். வெளிக்காற்றில் அது ஏறக்குறைய 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) காட்டும். அறைக்குள் 800-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் வெளிக்காற்று போதவில்லை என்று பொருள். எதிரெதிரான சன்னல்களைச் சிறிதளவு திறந்து வைப்பது, வெளியேற்றும் விசிறி பொருத்துவது ஆகியவை முதல் தீர்வுகள். சன்னலே திறக்க முடியாத அறை என்றால் நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி கொண்ட காற்றுச் சுத்திகரிப்பான் உதவும். மணிக்கு ஐந்து முறையாவது அறைக் காற்று முழுவதும் சுத்தமான காற்றால் மாற வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-இல் வெளியிட்ட இலக்கு. உங்கள் அறை 6 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்டது என்று வைத்துக்கொண்டால் கொள்ளளவு 90 கன மீட்டர். ஐந்து முறைக்கு மணிக்கு 450 கன மீட்டர் தேவை. சுத்திகரிப்பானின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் சுத்தக் காற்று வழங்கும் அளவை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். சுத்திகரிப்பான் கிருமிகளை வடிகட்டுமே தவிரக் கரியமில வாயுவைக் குறைக்காது; ஆகவே அதை இயக்கிய பிறகும் கைக்கருவியின் எண் இறங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஓசோன் உமிழும் கருவிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி (உதவிப் பேராசிரியர்): காய்ச்சலோடு வகுப்பெடுக்க வேண்டிய நிலை அடிக்கடி வருகிறது. ஒரு நாள் விடுப்புக்கும் மருத்துவச் சான்று கேட்கிறார்கள். விடுபட்ட வகுப்பை வேறு நாளில் எடுத்தே ஆக வேண்டும். முகக்கவசம் அணிந்து வந்தால் போதாதா? எத்தனை நாளில் திரும்பலாம்?

பதில்: போதாது. இன்ஃபுளுயன்சா உள்ளவர் அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்கி, அதன்பின் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை பரப்பக்கூடும். முதல் மூன்று நாட்களில் அது மிகக் கடுமையாக இருக்கும். காய்ச்சல் மாத்திரை இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்து, மற்ற அறிகுறிகளும் தணிந்து வருகின்றன என்றால் திரும்பலாம். அடுத்த ஐந்து நாட்களுக்கு, முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் முகக்கவசம் அணியுங்கள். மாத்திரை போட்டுக் காய்ச்சலைக் குறைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவது உங்கள் உடல்வெப்பத்தை மட்டுமே மாற்றுகிறது. உங்கள் மூச்சில் இருக்கும் வைரஸை அல்ல.

இங்கே நிர்வாகத்திற்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் விடுப்புக்குச் சான்று கேட்கும் விதி, படுத்திருக்க வேண்டியவரை மருத்துவமனைக் காத்திருப்பறைக்கு அனுப்புகிறது, அல்லது பேசாமல் பணிக்கே வரச் செய்கிறது. மாணவருக்கு வருகைப் பதிவில் ஒரு விழுக்காடு குறைந்தாலும் தேர்வெழுத முடியாது என்ற விதியும் அதே வேலையைத்தான் செய்கிறது. நுழைவாயிலில் கிருமிநாசினிப் புட்டிகளும் சுவரெங்கும் அறிவிப்புப் பலகைகளும் வைத்துவிட்டு, விடுப்பு விதியில் கை வைக்காத நிறுவனம் தொற்றைத் தடுக்கிறது என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மூன்று நாள் வரை தன்னறிக்கையே போதும் என்றும், அந்த நாட்களில் வகுப்பை இணையவழி எடுக்கலாம் அல்லது சக ஆசிரியர் ஏற்கலாம் என்றும் துறை அளவில் எழுத்தில் வையுங்கள். எழுத்தில் இல்லாத சலுகையை இளைய ஆசிரியர் யாரும் கேட்டு வாங்கமாட்டார்.

கேள்வி (தூய்மைப் பணி மேற்பார்வையாளர்): கருத்தரங்கு முடிந்த மறுநாள் பலருக்கு வாந்தியும் பேதியும். அரங்கிலேயே ஒருவர் வாந்தி எடுத்துவிட்டார். எல்லா வாசலிலும் சானிடைசர் வைத்திருந்தும் பரவியது எப்படி? வாந்தியை எப்படி அகற்றுவது?

பதில்: நீங்கள் சொல்வது நோரோ வைரஸ் போலத் தெரிகிறது. தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்திற்குள் திடீரென வாந்தி தொடங்குவது அதன் வழக்கம். ஆல்கஹால் கலந்த சானிடைசர் இந்த வைரஸின் மீது சரியாக வேலை செய்வதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு, விரலிடுக்குகளும் நகக்கண்களும் உட்பட 20 நொடிகளுக்குக் குறையாமல் தேய்த்துக் கழுவ வேண்டும்.

அகற்றும் முறை: அருகில் இருப்பவர்களை வெளியேற்றிவிட்டுச் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். கையுறை, முகக்கவசம், மேலங்கி அணிந்தவர் மட்டுமே நெருங்கட்டும். வாந்தியின் மேல் உறிஞ்சும் காகிதத்தைப் பரப்பி மூடி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்து, பையில் இட்டுக் கட்டிவிடுங்கள். பெருக்குவதோ தூசி உறிஞ்சும் இயந்திரத்தைப் பயன்படுத்துவதோ துகள்களைக் காற்றில் கிளப்பிவிடும். பிறகு இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, பிளீச் கரைசலை ஊற்றி ஐந்து நிமிடமாவது ஈரமாக விடுங்கள். கடையில் கிடைக்கும் பிளீச் திரவத்தின் செறிவு 5 விழுக்காடு எனில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி லிட்டர் சேர்த்தால் ஏறத்தாழ 1,000 பிபிஎம் கரைசல் கிடைக்கும். வாந்தி பட்ட இடத்திற்கு 100 மில்லி லிட்டர் வரை சேர்த்து 5,000 பிபிஎம் ஆக்கலாம். கரைசலை அன்றன்றே தயாரியுங்கள். கழிப்பறை அமிலத்தோடோ அம்மோனியா கலந்த பொருளோடோ ஒருபோதும் கலக்காதீர்கள். வெளிவரும் வாயு நுரையீரலைப் பாதிக்கும்.

வாந்தி, பேதி நின்று 48 மணி நேரம் ஆகும் வரை நோயாளி பணிக்கு வரக் கூடாது. உணவகத்தில் வேலை பார்ப்பவருக்கு இதில் எந்தத் தளர்வும் இல்லை. தினக்கூலிக்கு வரும் ஒப்பந்தப் பணியாளரிடம் இதைச் சொல்வதற்கு முன்னால், அந்த இரண்டு நாள் கூலியை யார் தருவார்கள் என்பதை ஒப்பந்தக்காரரோடு பேசி முடிவு செய்துவிடுங்கள். கூலி இல்லை என்றால் அவர் வயிற்றுக் கோளாறை உங்களிடம் சொல்லவே மாட்டார்.

கேள்வி (தேர்வுப் பிரிவு): விடைத்தாள்கள் மூலம் நோய் தொற்றுமா? ஒரு நாள் தனியே வைத்துவிட்டுத்தான் திருத்த வேண்டுமா?

பதில்: தேவையில்லை. எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டு, திருத்தி முடித்ததும் கை கழுவுங்கள்.

கேள்வி (விரிவுரையாளர், 14 வாரக் கர்ப்பிணி): நேற்று என் அறையில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்த மாணவிக்கு இன்று சின்னம்மை என்று தெரிந்தது. கொப்புளம் நேற்று இல்லை. பயப்பட வேண்டுமா?

பதில்: கொப்புளம் தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சின்னம்மை பரவத் தொடங்கிவிடும், ஆகவே இதைத் தொற்று வாய்ப்புள்ள தொடர்பு என்றே கொள்ள வேண்டும். இன்றே உங்கள் மகப்பேறு மருத்துவரை அழையுங்கள். சிறுவயதில் உங்களுக்குச் சின்னம்மை வந்திருந்தால் அல்லது இரண்டு தவணைத் தடுப்பூசி போட்டிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. உறுதியாகத் தெரியாவிட்டால் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். இல்லையெனில் எதிர்ப்புப் புரத ஊசியோ வைரஸ் எதிர்ப்பு மாத்திரையோ தருவார்கள். ஊசியைத் தொடர்பு ஏற்பட்ட 10 நாட்களுக்குள், கூடிய விரைவில் போட வேண்டும். சின்னம்மை, ரூபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் உயிருள்ள வைரஸால் ஆனவை என்பதால் கர்ப்ப காலத்தில் போடுவதில்லை. கருத்தரிக்கத் திட்டமிடும் பணியாளர்கள் முன்கூட்டியே அவற்றை முடித்துக்கொள்வது நல்லது.

கேள்வி (மாணவர் நலப் பொறுப்பாளர்): 300 பேர் அமரும் அரங்கில் வகுப்புக்கு வந்த மாணவர் ஒருவருக்குத் தட்டம்மை உறுதியாகியிருக்கிறது. அடுத்த வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும் தகவல் சொன்னால் போதுமா?

பதில்: தட்டம்மையில் வரிசைக் கணக்கு செல்லாது. நோயாளி வெளியேறிய பின்னும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் வைரஸ் இருக்கக்கூடும். எனவே அடுத்த வகுப்புக்கு அதே அரங்கிற்குள் வந்தவர்களும் பட்டியலில் இடம்பெற வேண்டும். தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பு தொடங்கி, தோன்றி நான்கு நாள் கழியும் வரை அவர் சென்ற இடங்களையும் நேரங்களையும் எழுதி, உடனே பொதுச் சுகாதாரத் துறையிடம் கொடுங்கள். எதிர்ப்புச் சக்தி இல்லாதவருக்கு 72 மணி நேரத்திற்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்புண்டு. தடுப்பூசி போட முடியாத கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் ஆறு நாட்களுக்குள் எதிர்ப்புப் புரத ஊசி உண்டு. இரண்டு தவணை போட்டவர்களில் நூற்றுக்கு 97 பேர் பாதுகாக்கப்படுகிறார்கள்.

இந்த 72 மணி நேரத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் சான்றிதழ் தேடுவதிலேயே கழித்துவிடுகின்றன. சேர்க்கையின்போதும் பணி நியமனத்தின்போதும் தடுப்பூசி விவரத்தைப் பெற்றுத் தேடக்கூடிய பதிவேட்டில் ஏற்றியிருந்தால், யாருக்கு ஊசி தேவை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி (பணியாளர் சங்கப் பொறுப்பாளர்): எங்கள் கட்டடத்தில் ஒருவருக்குக் காசநோய் என்று சுற்றறிக்கை வந்தது. பெயரை வெளியிட மறுக்கிறார்கள். பொதுக் குவளையைக்கூடத் தொட அஞ்சுகிறார்கள்.

பதில்: மறுப்பது சரியே. பெயர் வெளியானால் அடுத்த நோயாளி இருமலை மறைப்பார். காசநோய் குவளையாலோ கைகுலுக்கலாலோ பரவாது. நுரையீரல் காசநோய் உள்ளவரோடு மூடிய இடத்தில் நீண்ட நேரம் இருப்பதால்தான் பரவும். சிகிச்சை வழக்கமாக ஆறு மாதம் நீளும் என்றாலும், சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே, பெரும்பாலும் இரண்டு வாரத்தில், அவர் பிறருக்குப் பரப்பும் நிலையைக் கடந்துவிடுவார். அவரோடு ஒரே அறையில் இருந்தவர்களைச் சுகாதாரத் துறை தனித்தனியே அழைத்துப் பரிசோதிக்கும். முதல் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தாலும் எட்டு முதல் பத்து வாரம் கழித்து மறுபடி செய்துகொள்ள வேண்டும். தொற்று இருப்பதாக முடிவு வந்தால் அதுவே நோய் ஆகாது. தொற்றியவர்களில் வாழ்நாள் முழுவதிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே நோயாக முற்றுகிறது. அதையும் தடுக்க மருந்துண்டு.

கேள்வி (முனைவர் பட்ட ஆய்வாளர், நுண்ணுயிரியல்): ஆபத்து குறைந்த கிருமிகளோடுதான் வேலை செய்கிறோம். ஆய்வக மேலங்கியுடன் உணவகத்திற்குப் போகக் கூடாது என்பதெல்லாம் வெறும் சம்பிரதாயம் இல்லையா?

பதில்: இல்லை. 1978-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் பெரியம்மையால் இறந்த ஜேனட் பார்க்கர் ஆய்வாளரே அல்ல; பெரியம்மை ஆய்வகத்திற்கு மேல்தளத்தில் பணியாற்றிய ஒளிப்படக் கலைஞர். வைரஸ் எந்த வழியாக அவரை அடைந்தது என்பது இன்றுவரை ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்படவில்லை. உங்கள் கிருமி அத்தகையதல்ல என்பீர்கள். 2011-இல் அமெரிக்காவில் கற்பித்தல் ஆய்வகங்களோடு தொடர்புபடுத்தப்பட்ட, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா பாக்டீரியாத் தொற்றில் 38 மாநிலங்களில் 109 பேர் பாதிக்கப்பட்டனர். ஆய்வகத்தில் பயின்றவர்கள், பணியாற்றியவர்களின் வீட்டுக் குழந்தைகளும் அதில் அடக்கம். கையுறையோடு தொட்ட பேனா, குறிப்பேடு, கைப்பேசி ஆகியவை பையில் ஏறி வீட்டுக்குப் போகின்றன. ஆய்வகத்திற்கென்று தனிப் பேனாவும் குறிப்பேடும் வைத்துக்கொள்ளுங்கள், கைப்பேசியை வெளியே விடுங்கள், கதவைத் திறக்கும் முன் கையுறையைக் கழற்றுங்கள், மேலங்கியை வாசலிலேயே மாட்டுங்கள்.

மனித இரத்தத்தைக் கையாள்பவர்கள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை வேலை தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். ஊசி குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்காமல், வாயில் வைத்து உறிஞ்சாமல், ஓடும் தண்ணீரில் சோப்பிட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்திலேயே, அதிகபட்சம் 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். மேற்பார்வையாளரின் கோபத்திற்கு அஞ்சி மறுநாள் காலை வரை பொறுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி நடக்கும் ஆய்வகத்தில் குறை மேற்பார்வையாளருடையது.

கேள்வி (கட்டடப் பராமரிப்புப் பொறியாளர்): நீண்ட விடுமுறைக்குப் பின் விடுதியும் ஆய்வகக் கட்டடமும் திறக்கப்போகின்றன. தண்ணீர்க் குழாய்களில் ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

பதில்: யாரும் கேட்காத நல்ல கேள்வி. தேங்கிய தண்ணீரில் 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். குடிப்பதைவிட, ஷவரிலிருந்தும் குளிரூட்டும் கோபுரத்திலிருந்தும் தெறிக்கும் நுண்திவலைகளை மூச்சோடு இழுப்பதால்தான் நுரையீரல் அழற்சி வரும். திறப்பதற்கு முன் எல்லாக் குழாய்களையும், கண் கழுவும் அவசரக் குழாய்கள் உட்பட, பழைய தண்ணீர் வெளியேறிப் புதுத் தண்ணீர் வரும் வரை ஓடவிடுங்கள். ஷவர் தலையைக் கழற்றிவிட்டோ துணிப்பையால் மூடியோ திறந்தால் திவலை தெறிக்காது. வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரியில் வையுங்கள். விடுமுறையிலும் வாரம் ஒருமுறை குழாய்களைத் திறந்துவிட ஒருவரை நியமித்துவிட்டால் இந்தப் பாடே குறைந்துவிடும். இந்த வேலையைச் செய்தவருக்கு அடுத்த இரண்டு வாரத்திற்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால், தான் செய்த வேலை இன்னது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லட்டும். பெனிசிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமிக்குப் பயன்படாது என்பதால் அந்தத் தகவல் சிகிச்சையையே மாற்றக்கூடும்.