ரத்தக்கட்டுக்கு ஆர்னிகாவா, மூசாம்பரமா?

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 66 வயது. நான்கு நாள் முன்பு கட்டில் கால் இடித்து, தொடையில் ரத்தம் கட்டி கருநீலமாகக் கன்றிவிட்டது. இப்போது முழங்கால் வரை நிறம் இறங்கியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா 'ஆர்னிகா 200' என்ற ஹோமியோபதி உருண்டை கொடுக்கச் சொல்கிறார், என் மாமியார் மூசாம்பரம் பற்று போடச் சொல்கிறார். அம்மாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெலும் ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். என்ன செய்யலாம்? கபடி விளையாடி அடிபட்டு வரும் என் மகனுக்கும் இதே வைத்தியம் ஆகுமா?"

முதலில் அந்த நிறம் இறங்கிய பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் புவியீர்ப்பில் கீழே வழிகிறது, அவ்வளவுதான். நெற்றியில் அடிபட்டால் மறுநாள் கண்ணைச் சுற்றிக் கறுப்பதும் இதனால்தான். வீக்கம் பெரிதாகாமல், வலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் நிறம் பரவுவதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கசிந்த சிவப்பணுக்களை உடம்பே உடைத்து அப்புறப்படுத்துகிறது. ஹீமோகுளோபின் முதலில் பிலிவெர்டின் ஆகும்போது பச்சை தட்டும், அது பிலிருபின் ஆகும்போது மஞ்சள், கடைசியில் மிஞ்சும் இரும்புச் சத்தால் லேசான பழுப்பு. சாதாரண ரத்தக்கட்டு இரண்டு வாரத்தில் மறைந்துவிடும், காலில் என்றால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மருந்துகளைப் பாருங்கள், ஏனென்றால் தானாகவே ஆறுகிற ஒரு விஷயத்துக்கு எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான் போகும்.

ஆர்னிகா ஐரோப்பிய மலைப்பகுதியில் பூக்கும் ஒரு மஞ்சள் பூ. உருண்டையில் 30 என்று எழுதியிருந்தால் நூறில் ஒரு பங்காக நீர்ப்பதை 30 தடவை செய்திருக்கிறார்கள் என்று பொருள், 200 என்றால் 200 தடவை. 12 தடவை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவது அரிது என்று அவகாட்ரோ எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். இங்கிலாந்தில் கை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஆர்னிகா 6, 30 வீரியங்களைக் கொடுத்து, மருந்தில்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு 2003-இல் வெளியானது. வலியிலும் சரி, கன்றிப்போவதிலும் சரி, வித்தியாசம் தெரியவில்லை. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மொத்த ஆய்வுகளையும் அலசிவிட்டு, ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் எந்த நோய்க்கும் இல்லை என்று 2015-இல் சொன்னது. ஆகவே அக்கா சொன்ன உருண்டை அம்மாவுக்குக் கெடுதல் செய்யாது, ரத்தக்கட்டையும் கரைக்காது. அதை நம்பி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டால்தான் ஆபத்து.

மேலே பூசும் ஆர்னிகா ஜெல்லின் கதை வேறு, அதில் பூவின் சாறு உண்மையிலேயே இருக்கிறது. லேசர் சிகிச்சையால் கன்றிய தோலில் 20 சதவீத ஆர்னிகா களிம்பு, வெறும் வாசலைனைவிடச் சற்று வேகமாக நிறத்தைக் குறைத்ததாக 2010-இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. வேறு சில ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. தோல் கிழியாமல், அரிப்பும் வராமல் இருந்தால் பூசிப் பார்க்கலாம். ஆனால் ஆர்னிகா தாய்த்திரவத்தை, அதாவது நீர்க்காத சாற்றை, ஒரு சொட்டுகூட வாயில் விடாதீர்கள். அதிலுள்ள ஹெலனாலின் விஷம்.

மூசாம்பரம் காய்ந்த கற்றாழைச் சாறு. முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துச் சூடாகப் போடுகிற பற்று நம் ஊரில் தலைமுறைகளாக இருக்கிறது, புளியும் கல்லுப்பும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் பற்றும் அப்படித்தான். இதில் நான் பார்ப்பது சூட்டை. அடிபட்ட முதல் இரண்டு நாள் சூடு வைத்தால் ரத்தக்குழாய் விரிந்து கசிவு கூடும். அப்போது வேண்டியது துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம், அப்புறம் காலைத் தூக்கி வைப்பது. நான்காம் நாள் ஆகிவிட்டதால் மாமியார் சொன்ன பற்றை இப்போது போடலாம், கை பொறுக்கும் சூட்டில், காயமில்லாத தோலில் மட்டும். வயதானவர்களின் தோல் சீக்கிரம் வெந்துவிடும், அதனால் வெறும் வெந்நீர் ஒத்தடமே எனக்குப் போதுமென்று தோன்றுகிறது. மூசாம்பரத்தை உள்ளுக்குக் கொடுக்காதீர்கள், கடும் பேதியாகும்.

யாராவது எண்ணெய் போட்டு உருவி விடுகிறேன் என்று வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். வலி நிவாரணத் தைலமும் அம்மாவுக்கு வேண்டாம், பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது, அது ஆஸ்பிரினின் உறவு, தோல் வழியாக ரத்தத்தில் சேரும். மஞ்சள் மாத்திரை, பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய் என்று 'இயற்கை'யாக விற்பவையும் ரத்தம் உறைவதை இன்னும் குறைக்கக்கூடும். சமையலில் போடும் மஞ்சளையும் பூண்டையும் சொல்லவில்லை, அவை வழக்கம்போல் இருக்கட்டும். வலிக்கு பாரசிட்டமால் கொடுக்கலாம், டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் கூடாது.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: ரத்தக்கட்டைப் பார்த்துப் பயந்து குளோபிடோக்ரெலையோ ஆஸ்பிரினையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் மாரடைப்பு வரும். இதய டாக்டருக்கு ஒரு போன் போட்டு நடந்ததைச் சொல்லுங்கள், மாத்திரையை என்ன செய்வதென்று அவர் சொல்லட்டும்.

தொடை கல் மாதிரி இறுகினாலோ, வீக்கம் பெருத்துக்கொண்டே போனாலோ, கால் மரத்துப்போனாலோ, தலைசுற்றலோடு முகம் வெளுத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டிலில் இடித்தபோது விழுந்து தலையிலும் அடிபட்டிருந்தால், இந்த மாத்திரைகள் சாப்பிடுகிறவர் என்பதால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் உடனே காட்ட வேண்டும். அடியே படாமல் அங்கங்கே கன்றுவது, ஈறில் ரத்தம், காய்ச்சலோடு சிவப்புப் புள்ளிகள், கறுப்பாக மலம் போவது, இவற்றுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. டெங்கு காலத்தில் அந்தப் புள்ளிகளை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

மகனுக்கு வருகிறேன். இளவயது, வேறு மாத்திரை இல்லை, அதனால் ஐஸும் ஓய்வும் போதும். கபடியில் தொடைச் சதையில் முட்டி இடிப்பது சாதாரணம், அங்கே ஆழமாக ரத்தம் கட்டியிருக்கும்போது அழுத்தி நீவினால் சில சமயம் அந்தச் சதைக்குள் எலும்பு வளர ஆரம்பித்து, முழங்கால் மடங்காமல் மாதக்கணக்கில் தொல்லை கொடுக்கும். அணியில் யாராவது உருவி விட்டால் வேண்டாமென்று சொல்லச் சொல்லுங்கள். வலியில்லாமல் முழங்காலை முழுதாக மடக்கவும் ஓடவும் முடிந்த பிறகு களத்தில் இறங்கலாம். இரண்டு வாரமாகியும் மடக்க முடியவில்லை என்றால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.