தேங்காய்ப்பாலை நிப்பாட்டியும் நிறை கூடுது: கிளிநொச்சியிலிருந்து கேட்டவருக்கு

கொழுப்புக் குறைவென்று பெட்டியில் போட்டிருக்கும் பச்சை வட்டத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறீர்கள்; அது பொய் சொல்லவில்லை. ஆனால் அது கொழுப்புக்கு மட்டுமானது. தேங்காய்ப்பால் சொதியை விட்டு, கொழுப்புக் குறைந்த யோகட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் மாறி மூன்று மாதமாகியும் நிறை கூடுகிறதென்றால், எனக்குச் சந்தேகம் சீனியில்தான்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டு விதிப்படி சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் தனித்தனி நிறம்: பச்சை குறைவு, செம்மஞ்சள் நடுத்தரம், சிவப்பு கூட. கொழுப்பு பச்சையாக இருக்க, சீனி செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கலாம். 2016இல் மென்பானங்களுக்கு முதலில் வந்ததே சீனிக்கான நிறம்தான்.

பிறகு தேத்தண்ணி. கரண்டிக்கு 4 கிராம், கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை: 60 கிராம் சீனி, 240 கலோரி. வயலுக்குப் போத்தலில் கொண்டுபோவதையும் சேர்த்து ஒரு கிழமை எழுதிப் பாருங்கள்.

அதற்காகக் கொழுப்பை அள்ளவேண்டாம். சீனி கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. தேத்தண்ணிக்கடை வடைக்கும் ரோல்ஸுக்கும் எந்த வட்டமும் கிடையாது.  அரசு பார்த்துக்கொள்ளும் என்று இருக்க ஏலாது.

களைப்பு, முகவீக்கம், மலச்சிக்கலும் சேர்ந்திருந்தால் சாப்பாட்டோடு மல்லுக்கட்டாமல் ஆஸ்பத்திரியில் தைரொயிட் சோதித்துவிடுங்கள்.